தபால் பெட்டிக்கும் ஒரு கோலம்

ஃபிளாட் வாசலில் மாக்கோலம், நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் எல்லாம் வைக்கிறோம். மாடிப்படிக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் தபால் பெட்டிகளை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாதிப் பெட்டிகளில் பல்லி குடித்தனம்!

"இப்போ யாருங்க கடுதாசி போடறாங்க?" என்பீர்கள். பாங்க் கார்டும் பான் கார்டும் தபாலில்தானே வருகின்றன? எங்கள் பிளாக்கில் ஒரு மாமியின் இன்ஷூரன்ஸ் நோட்டீஸ், நம்பர் அழிந்துபோன பக்கத்துப் பெட்டியில் ஒரு மாசம் கிடந்தது. தவணைத் தேதி தாண்டியே போச்சு.

துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு கை, காய்ந்ததும் எனாமல் இரண்டு கை அடியுங்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நிறம். ஓரத்து மாங்காய் பார்டர் மட்டும் அவரவர் இஷ்டம். நம்பரை மாத்திரம் கொடி சுற்றி அலங்கரிக்க வேண்டாம். வெளிர் நிறத்தின்மேல் கறுப்பில் இரண்டு அங்குல உயரம், பளிச்சென்று. நீளக் கவர் 22 செ.மீ.; வாய் 25 செ.மீ. இருந்தால் மடங்காமல் நுழையும். அதைச் சுற்றி ஜம்கி, கண்ணாடி ஒட்டாதீர்கள், போஸ்ட்மேன் கையைக் கீறும். சுவாமி படமும் வேண்டாம். வெளுத்துப் போனால் கிழித்துப்போட மனசு வருமா?

பெயின்ட் காய்ந்ததும் போஸ்ட்மேனையே கூப்பிட்டு, "நம்பர் தெரியுதாங்க?" என்று கேட்டுவிடுங்கள்.