பெருநாள் விடுப்பில் கணவனும் மனைவியும் மட்டும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

ஒவ்வொரு பெருநாளுக்குப் பின்னரும் நம் வீடுகளில் ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. “நாலு பேர் வந்து போகிற நாளில் பெற்றவர்களை விட்டுவிட்டு இரண்டு பேரும் கொடைக்கானலுக்குப் போய்விட்டார்கள்” என்பதே அது. மகன் மீது பாதிக் குறையும் மருமகள் மீது முழுக் குறையுமாக அப்பேச்சு தெருவெங்கும் சுற்றி வரும். அதனை மார்க்கத்தின் பெயரால் கண்டிக்க வேண்டும் என்று ஆலிம்களை நாடி வருவோரும் உளர். கண்டிப்பதற்கு முன் மார்க்கம் சொல்வது எது, ஊர் வழக்கம் சொல்வது எது என்று பிரித்தறிவது நம் கடமையாகும்.

முதலில் நம் குடும்பங்களின் நிலையைப் பார்ப்போம். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்களுள் பலர் ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோதான் ஊர் திரும்புகின்றனர். கிடைப்பது ஏறத்தாழ ஒரு மாத விடுப்பு. முதல் வாரம் பார்க்க வருவோருக்குப் போய்விடும். பின்னர் திருமணங்கள், மௌத்தான வீடுகள், வீட்டு வேலை, வங்கி, பாஸ்போர்ட் அலுவல் என நாட்கள் கரைந்துவிடும். பெருநாள் விடியலிலோ மனைவி சுபுஹுக்கு முன்பே அடுப்பங்கரைக்குச் சென்று, இரவில்தான் வெளியே வருகிறாள். ஆண்டு முழுதும் அலைபேசித் திரையில் பேசிக்கொண்ட இருவர், ஒரே கூரையின்கீழ் வந்த பின்னரும் மனம்விட்டுப் பேச ஒரு மணி நேரம் கிடைக்காமல் மீண்டும் விமான நிலையத்தில் பிரிகின்றனர். அவர்கள் மூன்று நாள் தனித்திருக்க விரும்புவதை அடங்காமை என்று எப்படிச் சொல்வது?

நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். பயணம் புறப்படும்போது மனைவியருள் யாரை அழைத்துச் செல்வது எனச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அப்பயணங்களில் இரவு நேரத்தில் ஆயிஷா (ரலி) அவர்களுடன் உரையாடிக்கொண்டே செல்வார்கள் என்று புகாரியில் காண்கிறோம். ஒரு பயணத்தில் உடன் வந்த மக்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். அப்போது ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பிறிதொரு பயணத்தில் நபியவர்கள் முந்தி, அது இதற்கு ஈடு என்று சிரித்தார்கள். மக்களை முன்னே அனுப்பியதை நாம் கவனிக்க வேண்டும். கணவன் மனைவிக்கெனத் தனிமை வேண்டும் என்பதை அல்லாஹ்வின் தூதரே வெட்டவெளியில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

மற்றொரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகப் படை முழுவதும் தண்ணீரில்லாத இடத்தில் தங்க நேர்ந்தது. மக்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் முறையிட, அவர்கள் தம் மகளைக் கடிந்துகொண்டார்கள். நபியவர்களோ ஆயிஷா (ரலி) அவர்களின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வேளையில்தான் தயம்மும் பற்றிய வசனம் அருளப்பட்டது. மக்கள் குறையாகக் கண்ட அத்தாமதம், உலகிலுள்ள பயணிகள் அனைவருக்கும் சலுகையாக மாறிற்று.

பெருநாளும் நான்கு சுவர்களுக்குள் அடங்கும் நாளன்று. பெருநாள் தொழுகையை நபியவர்கள் திடலில் தொழுதார்கள். பெண்களும் புறப்பட்டு வரப் பணிக்கப்பட்டார்கள். தொழுகை கடமையில்லாத நாட்களில் இருந்த பெண்களும் வந்து, தொழுமிடத்திற்குச் சற்று விலகி நின்று துஆவில் பங்கேற்றார்கள். ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை தம் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கச் செய்தார்கள். மனைவியை மகிழ்விப்பது பெருநாளின் ஒரு பகுதியாகவே அங்கே இருந்தது.

இதுவரை கூறியதைக் கேட்டு இளைஞர்கள் மகிழலாம். எனினும் தராசுக்கு மற்றொரு தட்டும் உண்டு. அறப்போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடும்படி நபியவர்கள் அனுப்பினார்கள். பெற்றோரை அழவைத்துவிட்டு வந்த ஒருவரிடம், திரும்பிச் சென்று அவர்களைச் சிரிக்கவையும் என்று கூறினார்கள். ஹிஜ்ரத்துக்கும் அறப்போருக்குமே இந்நிலை என்றால், மலையைப் பார்க்கச் செல்லும் பயணத்திற்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே நம் கருத்து இதுதான்: பெருநாளின் காலைப்பொழுது பெற்றோருக்குரியது, அதன்பின் வரும் விடுப்பு நாட்கள் தம்பதியருக்குரியவை. வாப்பாவுடன் திடலுக்குச் சென்று, உம்மாவின் கைச்சோற்றை உண்டு, மனைவியின் பெற்றோரையும் கண்டு ஸலாம் சொன்ன பின் மறுநாள் புறப்பட்டால் யாருடைய உரிமையும் குறையாது. ‘பெற்றோர்’ என்றால் கணவனின் பெற்றோர் மட்டும் என்று எண்ணுவதும் நம் ஊர் வழக்கமேயன்றி மார்க்கமன்று. புறப்படுவதைத் தெருவார் சொல்லிப் பெற்றோர் அறியும்படி விட்டுவிடாமல், முன்கூட்டியே அமர்ந்து சொல்லி அவர்களின் துஆவைப் பெறுவது மகனின் பொறுப்பு. அதை மருமகள் தலையில் சுமத்தக் கூடாது. பெற்றோருள் ஒருவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தாலோ, அண்மையில் ஒருவர் மறைந்து மற்றவர் தனித்திருந்தாலோ பயணம் காத்திருக்கட்டும். மலைகள் எங்கும் போய்விடுவதில்லை.

பணியின் காரணமாக முன்னரே தொலைவில் இருப்போருக்குப் பெருநாள் இருக்குமிடத்திலேயே பெருநாள்தான். ஷாஃபி மத்ஹபில் பயணி பெருநாள் தொழுகையைத் தனித்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பயணி மீது அது வாஜிப் அன்று. எனினும் அருகில் ஜமாஅத் நடந்தால் அதில் சேர்ந்து தொழுவதே சிறப்பு. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுப்போர் ஊரிலுள்ள பொறுப்பானவரை வக்கீலாக நியமித்துச் செல்லலாம். அதன் காலம் ஹனஃபிகளிடம் துல்ஹஜ் 12 வரையும், ஷாஃபிகளிடம் 13 வரையும் உண்டு. அந்நாட்களின் தக்பீர் மலையுச்சியிலும் ஒலிக்கட்டும்.

தொழுகையைப் பொறுத்தவரை, சுமார் 80 கிலோமீட்டரைக் கடக்கும் பயணத்தில் லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டு ரக்அத்களாகச் சுருக்கலாம். இரண்டு மூன்று நாள் தங்குவோருக்கு இரு மத்ஹபுகளிலும் இச்சலுகை உண்டு. சேர்த்துத் தொழுவதை ஷாஃபிகள் அனுமதிப்பர். ஹனஃபிகள் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டுமே சேர்ப்பர். சலுகை என்பது விட்டுவிடுவதற்கான அனுமதி அன்று. ஒரு முஸல்லாவும் ஒரு போத்தல் தண்ணீரும் உடனிருந்தால் ஏரிக்கரையும் தொழுமிடமே. கணவன் இமாமாக நிற்க, மனைவி பின்னே நின்று தொழும் அந்த இரண்டு ரக்அத்கள், அப்பயணத்தில் எடுக்கும் எல்லாப் படங்களையும்விட நெடுநாள் நினைவில் நிற்கும். அப்படங்களையும் ஸ்டேட்டஸில் வரிசையாக ஏற்றாமல் இருப்பது நாணத்திற்கும் அழகு, ஊரில் தனித்திருக்கும் உம்மாவின் மனத்திற்கும் நலம்.

மலைக்கும் உரிமை உண்டு. நடைபாதை, நிழல், நீர்நிலை ஆகியவற்றை அசுத்தப்படுத்துவதை நபியவர்கள் சாபத்திற்குரிய செயலாக எச்சரித்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தையும் நெகிழிப் போத்தலையும் ஓடையில் எறிந்துவிட்டு வருவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அத்தகைய விதிகளை முன்கூட்டியே அறிந்து நடப்பதும், தகுதிக்கு மீறிக் கடன்பட்டுச் செல்லாதிருப்பதும் பயண ஒழுக்கமே.

மாமியார்களாகவும் மாமனார்களாகவும் இருக்கும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் தன் மனைவியுடன் மகிழ்ந்திருப்பது உங்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒன்றன்று. கணவன் மனைவிக்கிடையே அன்பையும் கருணையும் ஏற்படுத்தியதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் 30-ஆம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறான். அந்த அத்தாட்சி உங்கள் வீட்டில் தழைக்க வேண்டுமாயின் மூன்று நாள் விட்டுக்கொடுங்கள். “போய் வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்ற ஒரு சொல், மருமகளின் உள்ளத்தில் ஆண்டுகள் பல நிற்கும்.

இளையோரே! பயணத்தின் நோக்கம் நிறைவேறியதும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புவது சுன்னத்தாகும். திரும்பும்போது உம்மாவுக்கென ஏதேனும் ஒன்றைக் கையில் கொண்டுவாருங்கள்.

பெற்றோரின் உரிமையையும் துணையின் உரிமையையும் ஒருசேரப் பேணும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.