கைப்பேசிக்குள் பள்ளிக்கூடம்: அம்மாவுக்கு இடம் எங்கே?



2020 மார்ச் மாதம் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நம் வீடுகளெல்லாம் திடீரெனப் பள்ளிக்கூடங்களாகிவிட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு வகுப்பறைகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். ஏறத்தாழ இருபது மாதங்கள்! மேல்மலையனூர், செஞ்சி பக்கத்துச் சிற்றூர்களில் அந்த நாள்கள் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பி வரும்போது இரவு எட்டு மணி. சார்ஜ் இருக்காது, அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். யாருடைய பாடம் முதலில் என்று பிள்ளைகளுக்குள் சண்டை. மல்லாட்டை பறித்துவிட்டுக் களைத்து வந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். "எனக்கு இதுல என்ன தெரியும்?" என்று திரும்பிக்கொள்வார்.

அந்தத் தாய் திரும்பிக்கொண்டதைப் பற்றித்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

வீட்டுக் கல்வி என்பது மேலை நாடுகளில் பெற்றோர் விரும்பித் தேர்ந்துகொள்வது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் அப்படிப் பிள்ளைகளை வளர்க்கின்றன. நம் நாட்டில் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றியே பேசுகிறது. பெருநகரங்களில் சில குடும்பங்கள் வீட்டிலேயே கற்பித்து, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுத வைக்கின்றன. இவர்களுக்காகச் செயலிகளை உருவாக்குகிறவர்களின் மனக்கண்ணில் இருக்கும் தாய் பட்டம் பெற்றவர், ஆங்கிலம் அறிந்தவர். அவர் வீட்டில் தனி மேசையும் மடிக்கணினியும் உண்டு. நம் ஊர்த் தாய் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அதில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்தால் காணொலி வந்தது. இருந்தும் நடந்தது என்ன? கிராமப்புறக் கல்வி பற்றிய 'ஏசர்' ஆய்வின்படி, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்குச் சுமார் 10 பேர். 2022-இல் 5 பேருக்கும் குறைவு. (2024-இல் நிலைமை தேறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இடையில் நடந்த ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று, நம் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலை வேளையில் தெருவிலோ திண்ணையிலோ பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துத் தன்னார்வலர்கள் கற்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். திரை வழியாகப் பாடம் நடத்திய அதே கல்வித் துறை, கடைசியில் பக்கத்துத் தெரு அக்காவைத்தான் தேடிப்போக வேண்டியிருந்தது!

நம் திருச்சபைக்கு இது புதிய பாடமல்ல. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. ஆண்டவரின் கட்டளைகளை வீட்டிலும் வழியிலும் பிள்ளைகளோடு பேசும்படி இணைச்சட்ட நூலின் 6-ஆம் அதிகாரம் பெற்றோரைக் கேட்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த பெற்றோரை மட்டும் என்று அங்கே இல்லை. செயற்கை நுண்ணறிவு பற்றி 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ஏடும் ஆசிரியரின் நேரடி உடனிருப்பின் இடத்தை எந்திரம் நிரப்ப முடியாது என்றே வலியுறுத்துகிறது.

அப்படியானால் வீட்டுக்கான கற்றல் கருவி எப்படி இருக்க வேண்டும்? பாடங்களுக்குப் பஞ்சமில்லை. 2023-இல் தமிழக அரசு வெளியிட்ட 'மணற்கேணி' செயலியில் பாடக் காணொலிகள் தமிழிலேயே இலவசமாக உள்ளன. ஆனால் அது மாணவரிடமும் ஆசிரியரிடமும் பேசுகிறது. நாம் கேட்பது அம்மாவிடம் பேசும் கருவியை. பாடம் ஐந்து நிமிடம், குரலில் போதும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவைப்படக் கூடாது. பாடம் முடிந்ததும் அது அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்கட்டும்: ஒரு மரக்கா நெல் என்றால் எத்தனை படி என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பாட்டி காலத்தில் ஏரி எப்போது நிரம்பியது என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு கருவி தானாக அணைந்துவிடட்டும். பக்கத்திலிருக்கும் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதைப் பற்றிய காணொலியைப் பத்து முறை பார்ப்பதைவிட, அப்பாவோடு ஒருநாள் படியேறிப் பார்த்த பிள்ளைக்கு வரலாறு மறக்காது.

பிள்ளையைப் பேசாமல் உட்காரவைக்கும் செயலிகளைத்தான் நாம் 'நல்ல செயலி' என்கிறோம். நம்மில் பலர் செய்யும் தவறு இது.

நம் பங்குகளில் கணினி படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பெருந்தொற்றின்போது மறைக்கல்விப் பாடங்களை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பிய அருள்சகோதரிகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அன்பியக் கூட்டத்தில் நான்கு தாய்மார்களை உட்காரவைத்து, அவர்களுக்கு எது புரிகிறது, எது கூச்சம் தருகிறது என்று கேட்டுவிட்டு இவர்கள் வேலையைத் தொடங்கலாம். செலவு அதிகம் ஆகாது.

யாருக்காகத் தொடங்குவது என்றால், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் பிள்ளைகளுக்காக. பெருந்தொற்று முடிந்தும் அவர்களுக்கு ஆண்டில் சில மாதங்கள் பள்ளி மூடியே இருக்கிறது. அப்பாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுக்கும் ஒரு மெமரி கார்டு அவர்களோடு சூளைவரை போகும். அடுத்த முறை அவர்கள் மூட்டை கட்டுவதற்குள் அது தயாராக வேண்டும்.