புரோகிராமுக்கும் செக்கிங் உண்டு!

பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்கு முதல் நாள் போகிறவனை யாரும் ஓவர்லாக் மெஷினில் உட்கார வைப்பதில்லை. கைமடியாக நின்று, டைலர் தைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் தொழில் பழகுகிறான். அவன் தைத்த பீஸ் செக்கிங்கில் மாட்டினால் திரும்பி வரும். பிரித்துத் தைக்க வேண்டியதுதான். அதற்காக யாரும் தொழிலை விட்டு ஓடுவதில்லை.

அதே ஊர்ப் பையன் புரோகிராமிங் பழகும்போது மட்டும் ஏன் இத்தனை கூச்சம்? இணையத்தில் நாலு பேரிடம் கேட்டால் சிரிப்பார்களோ, இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்று பயம்!

1991 ஆகஸ்ட் 25 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது ஹெல்சிங்கி மாணவர், பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுவதாக இணையத்தில் அறிவித்து, மற்றவர்களிடம் யோசனை கேட்டார். அதுதான் லினக்ஸ். அரைகுறையாக இருக்கும்போதே காட்டினார், பலர் குறை சொன்னார்கள், திருத்தினார்கள், வளர்ந்தது.

மொழியும் ஒரு சாக்கு இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். 2012ல் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் இலவசமாகவே சொல்லித் தந்தது.

ஆனால் கேட்கிற முறை முக்கியம் நண்பர்களே. "புரோகிராம் ஓடலை, ஹெல்ப் பண்ணுங்க" என்றால் யாரால் என்ன செய்ய முடியும்? பீஸைக் காட்டாமல் டேமேஜ் எங்கே என்று கேட்பது போலத்தான். என்ன செய்ய நினைத்தோம், என்ன எழுதினோம், என்ன பிழை வந்தது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். பாதி நேரம், ஒழுங்காக எழுதி முடிப்பதற்குள் விடை நமக்கே தெரிந்துவிடும்.

"அதான் சாட்ஜிபிடி இருக்கே, மனுஷங்க எதுக்கு?" என்பார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் அதன் பதில்களைத் தடை செய்தது. காரணம், பார்க்கச் சரியாகத் தெரிந்த பல பதில்கள் தப்பாக இருந்தன. தைத்த பீஸ் எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும், செக்கிங் தெரியாதவன் டேமேஜையும் சேர்த்தே பேக் பண்ணிவிடுவான்.

அந்தச் செக்கிங் கண் எப்படி வரும்? அடுத்தவர் நிரலைப் படித்து, நம் நிரலை அடுத்தவர் குறை சொல்ல விட்டு, நமக்குப் பின்னால் வருகிறவனின் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் வரும். இதற்கு ஃபீஸ் கிடையாது. கொஞ்சம் பொறுமையும், கூச்சத்தை விடும் தைரியமும் போதும்.