விலைக்குப் போகாத காடு

"நிலப்பிரபு" என்ற சொல் காதில் விழுந்ததும் கமக்காரக் குடும்பங்களின் மனம் கசப்பது இயல்பு. குத்தகையை ஏற்றியவர்கள், வேலியைத் தள்ளிப் போட்டவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரின் கைநாட்டை வாங்கிக் காணியைத் தம் பெயருக்கு மாற்றியவர்கள் என்று பல முகங்கள் நினைவுக்கு வரும். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டுக்குச் சொந்தக்காரரான ஒரு ஜேர்மன் பிரபுவைப் பற்றி, காணி பூமியை விட்டு வந்திருக்கும் உங்களுக்கு நாம் ஏன் எழுத வேண்டும்? காணி உறுதி என்பது எதற்காக என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை நேரான ஒரு விடையைத் தருகின்றது என்பதே எமது எண்ணம்.

அவர் பெயர் அன்ட்ரியாஸ் வொன் பேர்ன்ஸ்டோர்ப். கீழ் சக்சனி மாநிலத்தின் கிழக்கு மூலையில், எல்பே நதியோரத்தில், வென்ட்லான்ட் என்னும் கமக்காரப் பிரதேசம் இருக்கின்றது. அங்குள்ள கார்ட்டோ என்ற சிற்றூரில் 1694ம் ஆண்டு முதல் அவரது குடும்பம் நிலம் வைத்திருந்தது. அதே வம்சத்தில் வந்து டென்மார்க் நாட்டின் அமைச்சராக இருந்த ஒருவர், 18ம் நூற்றாண்டிலே தமது பண்ணைக் குடிகளுக்கு நிலத்தைப் பரம்பரை உரிமையாகப் பிரித்துக் கொடுத்தார். அதற்கு நன்றியாக அக்குடிகள் 1783ல் அவருக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். பிரபுக்கள் எல்லோரும் இப்படி இருந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறும் இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

காடு வளர்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும். பாட்டன் நட்ட மரத்தைப் பேரன்தான் வெட்டுவான். 1972 நவம்பரில் வீசிய பெரும் புயல் வட ஜேர்மனியின் காடுகளைச் சாய்த்தது. 1975 ஓகஸ்ட்டில் மூண்ட காட்டுத்தீ வென்ட்லான்டின் காடுகளையும் எரித்தது. எரிந்த மண்ணில் மறுபடியும் கன்று நாட்டத் தொடங்கியிருந்த காலத்திலேதான் அந்தச் செய்தி வந்தது.

1977 பெப்ரவரி 22ம் திகதி, மாநிலத்தின் முதலமைச்சர் ஏர்ன்ஸ்ட் அல்பிரெக்ட், கோர்லேபன் கிராமத்தைத் தெரிவு செய்திருப்பதாக அறிவித்தார். அணுமின் நிலையங்களில் எரிந்து முடிந்த எரிபொருளைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலை ஒன்றை அங்கே கட்டுவது, மிஞ்சும் நச்சுக் கழிவை நிலத்தின் ஆழத்திலுள்ள உப்புப் பாறைக்குள் புதைப்பது என்பதே திட்டம். இக்கழிவின் கதிர்வீச்சு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அடங்காது. அன்று பிளவுபட்டிருந்த ஜேர்மனியின் எல்லையோரத்தில், சனத்தொகை குறைந்து, கேட்பாரற்றுக் கிடந்த பிரதேசம் அது. யாருக்கும் வேண்டாத பொருளைக் கொண்டு போய் வைப்பதற்கு இத்தகைய இடங்களையே எந்த நாட்டிலும் தேடுவார்கள்.

திட்டத்துக்கு வேண்டிய நிலத்தில் ஒரு பெரும் பங்கு பேர்ன்ஸ்டோர்ப் பிரபுவின் காடு. அணுக் கம்பனி அவருக்கு ஏறத்தாழ 3 கோடி மார்க் தருவதாகச் சொன்னது. அயலிலே பலர் விற்றார்கள். நாற்பது வயதுகூட ஆகாத அந்த மனிதர் விற்க மறுத்தார். கார்ட்டோவின் லுத்தரன் திருச்சபைப் பங்கும் தனக்குரிய நிலத்தைக் கொடுக்க மறுத்தது. அப்பகுதியின் பழைய சட்டப்படி, மண்ணுக்குக் கீழே இருக்கும் உப்பும் நிலச் சொந்தக்காரருக்கே உரியது. ஆகவே அந்த மறுப்பு மேற்பரப்போடு நிற்கவில்லை. பல நூறு மீற்றர் ஆழத்திலும் தோண்டுபவர்களுக்குத் தடையாக நின்றது. 1990களில் அவர் தமது உப்புரிமையை, கிரீன்பீஸ் இயக்கத்தின் ஆதரவோடு அமைந்த ஓர் உப்புக் கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுத்து அந்தத் தடையை மேலும் இறுக்கினார்.

ஆனால் உறுதிப் பத்திரம் மட்டும் இதைச் சாதித்தது என்று எண்ணுவது தவறு. 1979 மார்ச்சில் வென்ட்லான்டின் கமக்காரர் தமது உழவு இயந்திரங்களை ஓட்டிக்கொண்டு ஹனோவர் நகரை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் வழியில் இருந்தபோதே அமெரிக்காவின் ஹரிஸ்பேர்க் நகருக்கு அருகேயுள்ள அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. மார்ச் 31ம் திகதி ஹனோவரில் கூடியோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அவ்வாண்டு மே மாதத்திலேயே, சுத்திகரிப்பு ஆலையை அரசியல் ரீதியாக நிறைவேற்ற முடியாது என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. ஆயினும் உப்புப் பாறையில் துளையிடும் வேலை தொடர்ந்தது. 1980 மே மாதத்தில் மக்கள் காட்டுக்குள் குடிசைகள் கட்டி 33 நாட்கள் இருந்தார்கள். பொலிசார் அவர்களை அகற்றினார்கள். அவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

சட்டமும் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. 1998ல் இத்தகைய நிலத்தையும் உரிமையையும் கட்டாயமாகச் சுவீகரிக்க இடமளிக்கும் விதிகள் அணுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. 2002ல் அவை நீக்கப்பட்டன. 2010ல் திரும்பவும் சேர்க்கப்பட்டன. இறுதியில் 2020 செப்ரெம்பர் 28ம் திகதி, நாடு முழுவதையும் புதிதாக ஆராய்ந்த நிறுவனம், நிலவியல் காரணங்களால் கோர்லேபன் பொருத்தமற்றது என்று தள்ளிவிட்டது. உப்புப் பாறைக்கு மேலுள்ள மண்படை போதிய காப்பு அல்ல என்பது முக்கிய காரணங்களில் ஒன்று. அறிஞர் சிலரும் ஊர் மக்களும் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்ததும் அதுவே. இடையில் கழிந்தவை 43 ஆண்டுகள். ஆயினும் விலைக்குப் போன நிலத்தின் மேல் கட்டப்பட்ட களஞ்சியத்தில், கதிர்வீச்சுக் கழிவு நிரம்பிய 113 கொள்கலன்கள் வந்து சேர்ந்துவிட்டன. வெற்றியிலும் இந்தச் சுமை கலந்திருக்கிறது.

வேதாகமத்தை வாசிப்பவர்களுக்கு நாபோத்து நினைவுக்கு வருவான். ஆகாபு அரசன் நல்ல விலை தருவதாகவும், அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்தை விற்பது தகாது என்று நாபோத்து மறுத்தான். அதற்காகப் பொய்ச்சாட்சியால் கொலையுண்டான். நிலம் இறைவனுடையது, நாம் அதில் தங்கி வாழ்பவர்கள் என்ற பழைய இஸ்ராயேலின் நம்பிக்கையே அந்த மறுப்புக்கு வேர். திருத்தந்தை 2ம் அருளப்பர் சின்னப்பர் 1979ல் மெக்சிக்கோவின் புவேப்லா நகரில் பேசியபோது, தனியார் சொத்து ஒவ்வொன்றின் மேலும் சமூகத்துக்குரிய ஓர் ஈடு சுமந்திருக்கிறது என்று போதித்தார். ஜேர்மனியின் அரசியலமைப்பும் தன் 14ம் உறுப்புரையில், சொத்து வைத்திருப்பவனுக்குக் கடமையும் உண்டு என்று விதிக்கின்றது. பேர்ன்ஸ்டோர்ப் பிரபுவின் பெருமை அவரிடம் எவ்வளவு ஏக்கர் இருந்தது என்பதில் இல்லை. தம் பெயரிலுள்ள உறுதியை, உறுதி இல்லாதவர்களுக்கும் இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் வேலியாக நிறுத்தினார் என்பதில் இருக்கின்றது.

"வசதியுள்ளவர் மறுக்கலாம், எங்களுக்கு அது முடியுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். விற்காவிட்டாலும் அவர் வீட்டு அடுப்பு எரியும். வழக்காட அவருக்கு நீதிமன்றம் இருந்தது. இரண்டு ஏக்கர் காணியும், கட்டிக் கொடுக்கப் பிள்ளையும், அடைக்கக் கடனும் உள்ளவனின் நிலை வேறு. நெருக்கடியில் விற்றவரை நாம் குறை சொல்லக்கூடாது. அதனாலேயே இக்கதையில் உழவு இயந்திரங்களை ஓட்டி வந்தவர்களை மறந்துவிடக் கூடாது என்கிறோம். சட்டம் மாறினால் உறுதி தனித்து நின்று காக்காது. உறுதி இல்லாத கூட்டமும் வழக்கு மன்றத்தில் வலுவிழந்து போகும். அங்கே இரண்டும் ஒன்று சேர்ந்தன.

ஆகவே எமது வேண்டுகோள் எளியது. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதன் பிரதிகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். அவை தொலைந்திருந்தால், முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே காணியின் பெயர், நான்கு எல்லை, கிணறு, வாய்க்கால், நின்ற மரங்கள் என்பவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். தரகர் வந்து விலை பேசினால் தனியே முடிவெடுக்காமல், சிதறியிருக்கும் ஊரவரோடு முதலில் பேசுங்கள். உறுதி உள்ளவர்கள், இல்லாத அயலவருக்காகவும் குரல் கொடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளும் அதே குளத்துத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்களே.