எங்கள் சட்டசபையில் இருந்தவர்

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைக்கு அரசு வேறு, சட்டசபை வேறு. ஊரில் நிற்கும் திருவிதாங்கூர் வளைவு அதற்குச் சாட்சி. நம் ஊர் விடுதலை வீரர் வாஞ்சிநாதன் திருவிதாங்கூரின் புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்ததை நம் பிள்ளைகள் அறிவார்கள். தமிழ்நாட்டோடு சேர்வதற்காக நடந்த எல்லைப் போராட்டத்தில் அடிபட்டவர்களின் கதையும் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டசபையான ஸ்ரீமூலம் சபையில் 1932 முதல் 1934 வரை ஒரு பெண் வக்கீல் உறுப்பினராக இருந்தார் என்பதை நாம் நம்முடைய வரலாறாக எண்ணவேயில்லை. திருவிதாங்கூரோடு நமக்கிருந்த வழக்கு நியாயமானது. அதற்காக அந்த மண்ணில் போராடிய பெண்களையும் சேர்த்துக் கைவிட்டிருக்க வேண்டியதில்லை.

அன்னா சாண்டி 1905இல் பிறந்தவர். 1926இல் திருவனந்தபுரத்தில் சட்டப் பட்டம் பெற்றார். பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டம் வந்து அப்போது மூன்றே ஆண்டுகள். குற்ற வழக்குகளில் வாதாடிக்கொண்டே 1930இல் ‘ஸ்ரீமதி’ என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். பெண்களுக்கு சர்க்கார் உத்தியோகம் கூடாது, குடும்பம் கெட்டுவிடும் என்று படித்த பெரிய மனிதர்களே மேடையில் பேசிய காலம் அது. டி.கே. வேலுப்பிள்ளை அப்படிப் பேசிய ஒரு கூட்டத்தில் அன்னா சாண்டி எழுந்து, கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பதில் சொல்வதுபோல அவர் வாதங்களை ஒவ்வொன்றாக மறுத்தார். ஆணுக்கு உள்ள உரிமை மட்டுமல்ல, ஆணுக்கு உள்ள தண்டனையும் பெண்ணுக்கு வேண்டும் என்றவர் அவர். பெண்களைத் தூக்கிலிடக் கூடாது என்று திருவிதாங்கூர்ச் சட்டம் அளித்த விலக்கைக்கூட அவர் ஏற்கவில்லை. நாம் தூக்குத் தண்டனையையே எதிர்ப்பவர்கள். ஆனாலும் சலுகையை வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்.

1931இல் அவர் தேர்தலில் நின்றார். அவருடைய வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் அவருடைய ஒழுக்கத்தின் மீது சேற்றை வாரி இறைத்தார்கள். அவர் தோற்றார். வீட்டுக்குள் போய் முடங்கவில்லை. தனக்கு நடந்தது என்ன என்று தன் பத்திரிகையிலேயே தலையங்கம் எழுதினார். அடுத்த ஆண்டு மறுபடி நின்று ஜெயித்தார்.

இங்கே நம் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி.யை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரும் சட்டம் படித்தவர். 1927 முதல் 1930 வரை சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினர். வக்கீல் படிப்பு, சட்டசபை, பிறகு அறநிலையத் துறையில் ஆணையர் பொறுப்பு என்று அவர் போன பாதை, அன்றைக்கு ஓர் ஆணுக்கு ஊரே மகிழ்ந்து வாழ்த்துகிற பாதை. அதே ஆண்டுகளில் அதே படிகளில் ஏறிய பெண், ஒவ்வொரு படியிலும் தன் நடத்தைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது.

அன்னா சாண்டியை 1937இல் முன்சீப் ஆக்கினார் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவர்தான். 1948இல் மாவட்ட நீதிபதி, 1959 முதல் 1967 வரை கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. அதே சி.பி.யின் ஆட்சிதான் சட்டம் படித்த இன்னொரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பியது. அவர் ஆனி மஸ்கரீன். இலங்கையில் ஆசிரியையாக இருந்து திரும்பிச் சட்டம் பயின்றவர், திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸில் சேர்ந்து பலமுறை சிறை போனவர். அரசியல் நிர்ணய சபையில் இருந்த பெண்களில் ஒருவர். முதல் பொதுத்தேர்தலில் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குப் போனார். பணிந்து போகாத பெண்ணை அரசு எப்படி நடத்தும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்கள் பிலிப்பைன்ஸைப் பார்க்க வேண்டும். லைலா டி லிமா வக்கீல், அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்தவர், நீதித்துறை அமைச்சராக இருந்தவர். 2016இல் செனட்டரானதும், அதிபர் டுடெர்டேயின் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகளை விசாரிக்கத் தொடங்கினார். உடனே நாடாளுமன்ற விசாரணையிலேயே அவருடைய அந்தரங்க வாழ்க்கையைக் கடைபரப்பினார்கள். 2017 பிப்ரவரியில் போதைப்பொருள் வழக்குகளில் கைது செய்தார்கள். ஆறரை ஆண்டுக்கு மேல் சிறை. 2023 நவம்பரில் ஜாமீன் கிடைத்தது, 2024 ஜூனில் கடைசி வழக்கும் தள்ளுபடியானது. 2025இல் மறுபடி மக்கள் வாக்கில் நாடாளுமன்றம் போனார். 1931இன் திருவனந்தபுரத்துக்கும் 2016இன் மணிலாவுக்கும் இடையில் பெண்ணின் ஒழுக்கத்தைத் தாக்கும் அந்த ஆயுதம் கொஞ்சமும் மாறவில்லை.

நம் தென்காசி மாவட்டம் பெண்களைத் தேர்ந்தெடுக்காத மாவட்டம் அல்ல. ஆலங்குளத்தில் மருத்துவர் பூங்கோதை வென்றார், சங்கரன்கோவிலில் ராஜலட்சுமி வென்று அமைச்சரானார், 2024இல் தென்காசி தொகுதி மருத்துவர் ராணி ஸ்ரீகுமாரை மக்களவைக்கு அனுப்பியது. ஆயினும் தேர்தல் வந்தால் பெண் வேட்பாளரைப் பற்றி டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பேசுகிற பேச்சு ஆண் வேட்பாளருக்கு வருவதில்லை. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். இடம் ஒதுக்கினால் பெண் நிற்பாள். அவளைப் பற்றிய பேச்சைச் சட்டத்தால் மாற்ற முடியாது. அதை நாம்தான் மாற்ற வேண்டும். அப்படி ஒரு செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

அன்னா சாண்டி தன் வாழ்க்கையை ‘ஆத்மகதா’ என்று 1973இல் புத்தகமாக எழுதினார். செங்கோட்டையிலும் புளியரையிலும் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அந்தப் புத்தகத்தைப் படித்து அதைப் பற்றித் தமிழில் எழுதி அனுப்புங்கள். தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் கோர்ட்டுகளில் தொழில் செய்யும் பெண் வழக்கறிஞர்களே, நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அடுத்த இதழில் உங்களுக்காகப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.