மஞ்சத் துண்டு

ஜூலை மாதத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு சைக்கிளில் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள்.

தூரம் என்னவோ ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கேயிருந்து வருகிறதே ஒரு காற்று, அதற்கு உங்கள் மேல் ஏதோ பூர்வ ஜென்மப் பகை இருப்பது போல நெஞ்சிலேயே கை வைத்துத் தள்ளும். வேட்டி கட்டியவர் பாடு இன்னும் மோசம். ஒரு கை ஹாண்டில்பாரில், ஒரு கை மானத்தில். தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலிலும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அது சாமி காற்று. ரோட்டில் அடிப்பது ஆசாமி காற்று!

போன சீசனுக்கு நான் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தபோது மலேசியாவிலிருந்து அத்தை மகன் வந்திருந்தார். சுங்கைப்பட்டாணிக்காரர். என் அண்ணன் சீசன் கடையில் உட்கார்ந்து ஓசியில் நேந்திரம் சிப்ஸ் கொறித்தபடி, காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு போன ஒரு சைக்கிள்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு ஓட்டமா மச்சான்? எங்க ஊருக்கு வந்து லங்காவி ரேஸைப் பாரு!"

லங்காவி என்பது அவர்களுடைய கெடா மாநிலத்துத் தீவு. ஒரு தீவு அல்ல, தீவுக் கூட்டம். மொத்தம் 99 என்பார்கள்; கடல் வற்றினால் இன்னும் ஐந்து தலைகாட்டுமாம். அதன் பெயரில் 1996-ல் பிரதமர் மகாதீர் ஆரம்பித்து வைத்த ரேஸ்தான் 'டூர் டி லங்காவி'. வெள்ளைக்காரத் தொழில்முறை வீரர்கள் எல்லாம் வந்து, தினம் ஒரு ஊர் என்று நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் மிதிப்பார்கள். பெயர்தான் தீவே தவிர, ஓடுவது முக்காலே மூணு வீசம் மலேசிய நிலப்பரப்பில். கெந்திங் மலை உச்சிக்கு ஏறவிட்டு உயிரை எடுப்பார்கள். 2010-ல் அனுவார் மனான் என்பவர் ஒரு நாள் ரேஸை ஜெயித்தார். அந்தப் பந்தயத்தில் அப்படி ஜெயித்த முதல் மலேசியர்.

விட்டுக்கொடுக்க முடியுமா? "எங்க ஊர்லயும் உண்டு அத்தான். ஏழு நாள் ராப்பகலா சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டாங்க. குளியல், சாப்பாடு, ஷேவிங் எல்லாம் சீட் மேலதான்" என்றேன்.

"அப்படியா! எங்கேருந்து எங்கே?"

"எங்கேயும் இல்ல. ஊர் மைதானத்துக்குள்ளயே சுத்தி வருவாங்க."

அத்தான் சிப்ஸில் கவனமாகிவிட்டார். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து அண்ணன் கேட்டான்: "ஏன் அத்தான், இருநூறு பேரு ஓட்டுதாவன்னா, அத்தனை பேரும் ஜெயிக்கவா ஓட்டுதாவ?"

அத்தானுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். ஆனால் ஆபீஸில் பத்து வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாது என்று சொல்லப் பழக்கமில்லையே! "ராத்திரி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பேரருவிக்குப் போக வேண்டிய நேரத்தில் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு படித்தேன்.

பதில், இல்லை. பெரும்பாலானவர்கள் ஜெயிக்க ஓட்டுவதில்லை. இன்னொருவனை ஜெயிக்க வைக்க ஓட்டுகிறார்கள்!

சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி காற்று. முன்னால் ஒருவன் போனால் அவன் முதுகு காற்றைக் கிழித்துக் கொடுக்கும். பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவனுக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அதனால் ஒரு டீமில் ஒரே ஒரு தலைவன். மற்றவர்கள் முறை வைத்து முன்னால் போய்க் காற்று வாங்குவார்கள் (நாம் பீச்சில் வாங்குகிற காற்று இல்லை). தலைவனுக்குத் தாகம் என்றால் பின்னால் வரும் காருக்குப் போய், பனியனுக்குள் ஏழெட்டு பாட்டிலைத் திணித்துக்கொண்டு, கர்ப்பிணி மாதிரி மறுபடி மிதித்து வந்து கொடுப்பார்கள். பிரெஞ்சில் இவர்களுக்கு 'தொமெஸ்தீக்' என்று பெயர். தமிழில் சொன்னால் வேலைக்காரன். நம் ஆபீஸில் இதற்கே அசிஸ்டென்ட் என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி கடையைச் சாத்தியபின் அண்ணனுக்கு ஒரு பழைய ரேஸைப் போட்டுக் காட்டினேன். இதுவும் தீவுதான். கோர்சிகா. நெப்போலியன் பிறந்த ஊர்.

சைக்கிள் பந்தயங்களுக்கெல்லாம் தாத்தா, 1903-ல் ஆரம்பித்த டூர் டி பிரான்ஸ். பிரான்ஸின் மூலைமுடுக்கெல்லாம் சுற்றிய அந்தத் தேர், தன் சொந்தத் தீவான கோர்சிகாவுக்கு மட்டும் நூற்றுப் பத்து வருஷமாக வரவில்லை. கடைசியில் 2013-ல், நூறாவது பந்தயத்தை அங்கேதான் தொடங்கினார்கள். 22 டீம், டீமுக்கு 9 பேர், ஆக 198 பேர். மூன்று வாரத்தில் 3,400 கிலோமீட்டர். அதில் முதல் மூன்று நாள் தீவில். கடலுக்கு நடுவே 2,706 மீட்டர் உயர மலையை நிறுத்தி வைத்த மாதிரி ஊர். ரோடு, நம் செங்கோட்டை - புனலூர் மலைப் பாதை கெட்டது போங்கள், அத்தனை வளைவு.

முதல் நாள் ஜூன் 29. போர்ட்டோ வெக்கியோவிலிருந்து பாஸ்தியாவுக்கு 213 கிலோமீட்டர். வீரர்கள் காற்றாய்ப் பறந்து வந்துகொண்டிருக்கிறார்கள். முடிகிற இடத்தில் கோட்டுக்கு மேலே பெரிய வளைவு கட்டியிருக்கிறார்கள். அப்போது லேட்டாக வந்தது ஒரு ஆஸ்திரேலிய டீமின் பஸ். வளைவுக்குள் நுழைந்தது. பாதியில் நின்றது. பஸ் உயரம் ஜாஸ்தி, வளைவு உயரம் கம்மி. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை!

அண்ணன் எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "நம்ம ரயில்வே பாலத்துக்கடியில வைக்கோல் லாரி மாட்டுன மாதிரில்லா இருக்கு!"

அதேதான். உலகம் முழுக்க டி.வி.யில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதிகாரிகள் பதறிப்போய், "ரேஸ் மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே முடியும்" என்று அறிவித்தார்கள். அதற்குள் பஸ் டயரில் காற்றைப் பிடுங்கி, உடம்பை இளைக்க வைத்து ரிவர்ஸில் உருவி எடுத்துவிட்டார்கள். "இல்லை இல்லை, பழைய இடமே" என்று மறு அறிவிப்பு. இந்தக் குழப்பத்தில் நடுரோட்டில் ஒரு கூட்டமே சறுக்கி விழுந்தது. கடைசியில் ஜெர்மனிக்காரர் மார்செல் கிட்டல் ஜெயித்தார். மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே நேரம் என்று எழுதிக் கணக்கை முடித்தார்கள். (நம் ஊர் சமரசப் பஞ்சாயத்து அங்கேயும் உண்டு!)

அந்த டீம் வெட்கப்பட்டு ஊருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்றாவது நாள் கால்வியில், கடைசி மீட்டர்களில் டேரில் இம்பி என்ற தென்னாப்பிரிக்கர் முன்னால் போய்க் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னாலேயே வந்த சைமன் கெரன்ஸ் டயர் அகலத்தில் ஜெயித்தார். மறுநாள் நீஸ் நகரத்தில் டீமாக ஓட்டும் போட்டியிலும் ஒரு செகண்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அவர்களே முதல். ஒட்டுமொத்தத்தில் முதலில் இருப்பவருக்கான மஞ்சள் பனியன் கெரன்ஸ் தோளில் ஏறியது.

அப்புறம்தான் விஷயம். இரண்டு நாள் கழித்து மோன்ட்பெலியேயில், கெரன்ஸ் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கினார். இம்பிக்கும் அவருக்கும் கணக்கில் அதுவரை சம நேரம். இப்போது ஐந்து செகண்ட் வித்தியாசம். மஞ்சள் பனியன் இம்பிக்குப் போய்விட்டது. ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து அதைப் போட்ட முதல் ஆள் அவர். இரண்டு நாள்தான் போட்டிருந்தார். "எனக்கு ஜெயிக்க உதவினவன், அவனும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்" என்ற கணக்கு.

"நல்ல பய" என்றான் அண்ணன்.

நானும் உற்சாகமாகி 1934-ம் வருஷத்து போட்டோ ஒன்றைக் காட்டினேன். ரெனே வியெட்டோ. இருபது வயதுப் பையன். மலை ஏறுவதில் அந்த வருஷம் அவனை மிஞ்ச ஆளில்லை. நடுவழியில் டீம் தலைவரின் சக்கரம் கெட்டுவிட்டது. தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வண்டி வரும்வரை ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து அழுகிறான். மறுநாளும் பாதி மலை திரும்பி ஏறிப்போய்த் தன் சைக்கிளையே கொடுத்தான். தலைவர் ஜெயித்தார். வியெட்டோவுக்கு அந்த வருஷம் ஐந்தாவது இடம். ஆயுசு முழுக்க அந்த ரேஸை அவன் ஜெயிக்கவே இல்லை.

அண்ணன் அந்த போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"இவனுக்கு உக்கார ஒரு சுவராச்சும் இருந்திச்சு. மேலகரத்துல அன்னைக்கு அதுவும் இல்ல."

மேலகரம் எனக்கு நினைவிருந்தது. ப்ளஸ் டூ பரீட்சை. குற்றாலத்து வீட்டிலிருந்து ஆளுக்கொரு சைக்கிளில் தென்காசிக்கு வந்துகொண்டிருந்தோம். மேலகரம் தாண்டவும் என் டயர் பங்க்சர். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் தன் வண்டியை என்னிடம் தள்ளிவிட்டு, என்னுடையதை வாங்கிக்கொண்டான். நான் பறந்தேன். நல்ல மார்க். காலேஜ். சென்னையில் ஆபீஸ்.

"எனக்கு அன்னைக்குப் பாளையங்கோட்டையில செலக்‌ஷன்டே. ஏழு மணி பஸ்ஸப் பிடிக்கத்தான் வந்தேன். வண்டியத் தள்ளிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வாரதுக்குள்ள போயிட்டு. அடுத்ததுல போனா, கேட்டைச் சாத்திட்டாவ."

"நீ... நெஞ்சளவு பத்தலைன்னுல்ல சொன்னே?"

"பின்ன என்ன சொல்ல? உனக்கு இன்னும் நாலு பரீட்சை பாக்கி கெடந்துச்சுல்லா."

இருபத்தைந்து வருஷம் ஸார். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், பந்தியில், மச்சினன்மார் நடுவில், "எங்க அண்ணன் போலீஸாயிருக்க வேண்டியது, நெஞ்சு ஒரு இஞ்ச் கம்மி" என்று நான் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் கூடவே சிரிப்பான்.

சின்ன வயதில் சீசன் காற்றில் ஸ்கூல் விட்டு வரும்போது, "ஏல, பக்கத்துல வராத, என் வீலப் பாத்துப் பின்னாலயே வா" என்று அதட்டுவான். அண்ணன் என்கிற திமிர் என்று நினைத்திருக்கிறேன். அவன் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லாததைக் கவனித்ததில்லை.

மறுநாள் காலையில் இரண்டு சைக்கிள் இரவல் வாங்கினேன். தென்காசி மார்க்கெட் போய்விட்டுத் திரும்பும்போது, "அண்ணே, இன்னைக்கு நான் முன்னால. நீ என் வீலப் பாத்து வா" என்றேன். சரியாக மேலகரம் வரை தாக்குப் பிடித்தேன். பிறகு நெஞ்சு அடைத்தது, கால் கெஞ்சியது, முன்னால் போனது ஒரு மாட்டு வண்டி.

"தள்ளுடே, ஆபீஸர்" என்று சொல்லிவிட்டு அண்ணன் முன்னால் போனான். நான் பழையபடி அவன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டேன்.

பேரருவி வாசலில் துண்டுக் கடை. மஞ்சளாக ஒன்று வாங்கி அண்ணன் தோளில் போட்டேன். எதற்கென்று அவனுக்குத் தெரியும். தெரியாதது போலத்தான் பேசினான்.

"மஞ்சத் துண்டா? போட்டா கட்சிக்காரன்னுல்லா நெனைப்பாவ!"

சொன்னானே தவிர, எடுக்கவில்லை. அன்று பூரா அந்தத் துண்டோடுதான் சிப்ஸ் போட்டான்.