இன்ஜின் வேலை சொதப்பிடுச்சா? அடுத்த மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

புளியங்குடியில இன்ஜின் வேலை முடிச்சு காரை எடுக்குறீங்க. கடையநல்லூர் வர்றதுக்குள்ள டெம்பரேச்சர் முள் ஏறுது, பின்னாடி வெள்ளைப் புகை. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தா, ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருக்கு. கூலன்ட் உள்ளே இறங்கிடுச்சு. கட்டின பணம் 60,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. என்ன பண்ணுவீங்க?

நம்மில் பலரும் கோபத்துல வேற ஒர்க்‌ஷாப்ல விட்டு இன்ஜினைப் பிரிச்சிடுவோம். கேஸ் தோற்குறது அங்கேதான். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கிற பொறுப்பு புகார் கொடுப்பவருடையதுனு 2021-ல் எஸ்.ஜி.எஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பிரிச்சுப் போட்ட இன்ஜினை வெச்சு, தப்பு யாரோடதுனு எப்படி நிரூபிப்பீங்க?

முதல்ல ஆதாரம்

வண்டியை அங்கேயே நிறுத்துங்க. புகை, மீட்டர், ஆயில் எல்லாத்தையும் வீடியோ எடுங்க. வேலை பார்த்தவருக்கு எழுத்துல தகவல் கொடுத்து, சரிசெய்ய ஒரு வாய்ப்பும் கொடுங்க. மறுத்தா, வேறொரு அனுபவசாலியிடம் எழுத்துல அறிக்கை வாங்கின பிறகு இன்ஜினைப் பிரிங்க. கழட்டின பழைய பாகங்களைக் கையோட வாங்கிக்கோங்க.

"அண்ணன் பில்லே தரலையே!"னு கவலையா? பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் சாட் இருந்தா பத்திரமா வைங்க.

அடுத்து புகார்

முதல்ல 1915 நுகர்வோர் உதவி எண். அங்கே பேசி முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டி எந்த ஊர்ல ரிப்பேர் ஆகியிருந்தாலும், நீங்க வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 2025 ஜனவரியில வந்த இ-ஜாக்ரிதி தளத்துல மொபைல்லயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனா, 2 வருஷத்துக்குள்ள போட்டாகணும்.

சொந்தமா டாக்சி ஓட்டுறவங்களும் தயங்க வேண்டாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான்னு 1995-லேயே லக்ஷ்மி இன்ஜினீயரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திடுச்சு.

3 மாசத்துல, பரிசோதனை தேவைப்பட்டா 5 மாசத்துல முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில இழுக்கலாம். அதனால, முதல் நாளே எடுக்குற அந்த வீடியோதான் உங்க பெரிய பலம். ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி போனை எடுங்க!